அசலும் நயமும்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சிறுகதை ஒன்றில் ஒரு பெரியவர் வருவார். கிரிஸ்டல் கண்ணாடிச் சாமான்களைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்று பெயர் எடுத்தவர். வியாபாரி நீட்டும் பாத்திரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். மணி அடித்தாற்போல நாதம் நின்றால் அசல். 'டக்' என்று அடங்கிவிட்டால் போலி. அவ்வளவுதான் அவருடைய பரீட்சை. கதைக்கு அது சௌகரியமாக இருந்தது. வாசகர்கள் சிலர் பாராட்டிக்கூட எழுதினார்கள்.

அந்தக் கதையைப் படித்தவர்களில் என் நண்பர் ஒருவரும் உண்டு. செட்டிநாட்டுக்காரர். பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது, தாயாரின் கண்ணாடி அலமாரியிலிருந்து அவர் பங்குக்கு ஒரு டிகாண்டரும், காலுள்ள கோப்பைகள் ஆறும் வந்தன. ஒருநாள் கோப்பை ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க எழுதினபடியே சுண்டிப் பார்த்தேன். டிகாண்டர் வாயே திறக்கலே. அதைக் காரைக்குடியிலே ஒரு கடையிலே தள்ளிவிட்டேன். இது எப்படிப் பாடுது, நீங்களே கேளுங்க."

சுண்டினார். கோப்பை நன்றாகத்தான் பாடியது. ஆனால் கையில் வாங்கியதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. கனமே இல்லை. விளிம்பில் நூல் பிடித்தாற்போல ஒரு சிறு தடிப்பு. காலின் இருபுறமும் அச்சுக் கோடு. வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தால் பக்கவாட்டில் லேசான பச்சை. அந்தக் கதைக்குப் பிறகு இந்த விஷயத்தை நான் கொஞ்சம் படித்திருந்தேன். அவரெதிரிலேயே கோப்பையை நிறுத்தேன்: 150 கிராம். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை அளந்தேன்: 60 மில்லிலிட்டர். ஒப்படர்த்தி 2.5. சாதாரண ஜன்னல் கண்ணாடியின் கணக்கு அது.

பிறகு டிகாண்டரைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். "தூக்கவே முடியாது. அடியிலே நட்சத்திரம் மாதிரி வெட்டு. கையை அறுத்துடும்னு அம்மா எங்களைத் தொடவே விடமாட்டாள். மூடியின் அடியிலே ஏதோ நம்பர் கீறியிருக்கும், கழுத்திலேயும் அதே நம்பர்." மூடியை அந்தந்தக் கழுத்துக்கே தேய்த்துப் பொருத்துவதால் இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறிவைப்பது பழைய வேலைக்காரர்களின் வழக்கம். அவர் சொல்லச் சொல்ல என் தலை குனிந்துகொண்டே வந்தது. அந்த டிகாண்டர் அசல்தான் என்று இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பொருள் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் அதைப் போலி என்று தீர்ப்புச் சொன்னது என் கதை. அதற்குப் பிராயச்சித்தமாகவே இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். கிரிஸ்டல் என்றால் ஸ்படிகம். நாம் கிரிஸ்டல் என்று சொல்லும் கண்ணாடியோ ஸ்படிகம் அல்ல. ஸ்படிகத்தில் அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடியில் அந்த வரிசை கிடையாது. ஸ்படிகத்தைப் போலத் தெளிவாக இருக்கிறது என்ற பெருமையில் வெனிஸ்காரர்கள் 15-ஆம் நூற்றாண்டில் தங்கள் முரானோத் தீவுக் கண்ணாடிக்கு 'கிரிஸ்டல்லோ' என்று பெயரிட்டார்கள். உவமை நாளடைவில் பெயராகிவிட்டது. அந்தக் கண்ணாடியில் காரீயம் துளியும் இல்லை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

காரீயம் புகுந்தது லண்டனில். ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற வர்த்தகர் 1674-இல் புதுவிதக் கண்ணாடி ஒன்றுக்கு அரசாங்க உரிமை பெற்றார். ஆரம்பத்தில் அவர் செய்த பாத்திரங்கள் சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே மயிரிழை வெடிப்புகள் பரவி, புகை படிந்தாற்போல மங்கிப்போயின. கலவையில் காரீய ஆக்ஸைடைச் சேர்த்து அந்தக் குறையை அவர் சமாளித்தார். 1676-77 வாக்கில், இனி என் சரக்கு மங்காது என்பதற்கு அடையாளமாக, தம் பெயரின் முற்பாதியான அண்டங்காக்கையின் தலையை முத்திரையாக வைத்தார். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்த முத்திரைப் பாத்திரங்கள் சிலவற்றில் அதே வெடிப்பு ஓடியிருக்கிறது! முத்திரை அசல், செய்தவர் அசல், பாத்திரம் மங்கல். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டவர் கண்ணாடிக் கடையில் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிவிடுவார்.

மளிகைக் கடைக்காரர் 'நயம் பருப்பு' என்கிறார். அது துவரம்பருப்பு என்பது வேறு விஷயம். நயம் என்பது வேறு விஷயம். கண்ணாடியிலும் இப்படி இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது அசல்தானா? இது நயமானதா? இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்பிக்கொள்வதுதான் நம்முடைய தவறெல்லாம்.

அசலா என்ற கேள்விக்கு விடை சொல்வது அவ்வளவு கஷ்டமல்ல. 1969-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இதற்குச் சட்டமே எழுதிவிட்டது. 24 சதவீதத்துக்குக் குறையாமல் காரீய ஆக்ஸைடும், 2.90-க்குக் குறையாத ஒப்படர்த்தியும் இருந்தால் காரீயக் கிரிஸ்டல். 30 சதவீதமும் 3.00-மும் இருந்தால் முழுக் காரீயக் கிரிஸ்டல். ஆகவே தராசுதான் நம்பத்தக்க சாட்சி. 725 கிராம் நிறையுள்ள பாத்திரம் 250 மில்லிலிட்டர் தண்ணீரை வழியச் செய்தால் காரீயம் இருக்கிறது என்று நம்பலாம். 290 வழிந்தால் சாதாரணக் கண்ணாடி. வெறும் கையால் தூக்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தடிமனாக வார்த்த சாதாரணக் கண்ணாடியும் கையை இழுக்கத்தான் செய்யும்.

நாதமோ அரைகுறைச் சாட்சி. வாய் அகன்று, சுவர் மெலிந்த காரீயக் கோப்பை நீண்ட நேரம் இசைக்கும் என்பது உண்மை. ஆனால் மெல்லிய சாதாரணக் கோப்பையும் ஓரளவு இசைக்கும். காரீயத்துக்குப் பதிலாகப் பேரியம் முதலியவை சேர்த்த இக்காலக் கண்ணாடியும் இசைக்கும். கழுத்துக் குறுகிய, சுவர் தடித்த டிகாண்டரோ எவ்வளவு காரீயம் இருந்தாலும் பேசாது. மணிமேகலையில் வரும் பளிக்கறை மண்டபத்தில் உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். குரல் வெளியே வராது. டிகாண்டரும் அந்த ஜாதிதான். குரல் கேட்கவில்லையே என்று அதை வீட்டை விட்டுத் துரத்துவது அநியாயம்.

நிறத்தை வைத்து ஜோஸ்யம் சொல்பவர்களும் உண்டு. அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டு நகரத்துப் பழைய கண்ணாடிக்கு ஒரு நீலச் சாயல் உண்டு, அதுவே அசலுக்கு அடையாளம் என்று சேகரிப்பாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். டப்ளின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டட்லி வெஸ்ட்ராப் என்பவர் ஐரிஷ் கண்ணாடி பற்றி 1920-இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த நம்பிக்கை கட்டுக்கதை என்று காட்டினார். வாட்டர்ஃபோர்டு என்ற பெயரிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. 1783-இல் தொடங்கிய பழைய தொழிற்சாலை 1851-இல் மூடப்பட்டது. புதியது 1947-இல் பிறந்தது. நடுவே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. அடியில் பொறித்த பெயரும் முடிவான சாட்சி அல்ல. திராவகமும் ஓர் அச்சுத் தகடும் இருந்தால் எவரும் எந்தப் பெயரையும் பின்னால் பொறித்துவிடலாம். அடிப்பாகத்தின் தேய்மானத்தைப் பார்ப்பது மேல். நூறு வருஷம் மேஜைமேல் நகர்ந்த பாத்திரத்தில் கீறல்கள் நாலா திசையிலும் தாறுமாறாக இருக்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால், நேற்று யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

இனி நயம். இங்கேதான் விமர்சனம் தொடங்குகிறது. தராசு இங்கே உதவாது.

வெட்டு வேலை செய்த பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். பல கோடுகள் ஒரு புள்ளியில் கூடவேண்டிய நட்சத்திரத்தில், அவை ஒரே புள்ளியில் கூடுகின்றனவா, அல்லது ஒன்று சற்று முன்னாலேயே நின்று, இன்னொன்று தாண்டி ஓடிவிட்டதா? வைரக் கட்டங்கள் பாத்திரத்தைச் சுற்றிவந்து ஆரம்பித்த இடத்தைத் தொடும்போது, கடைசிக் கட்டம் மற்றவற்றின் அகலத்திலேயே இருக்கிறதா, நெருக்கி நுழைக்கப்பட்டிருக்கிறதா? வெட்டின் முனையை விரலால் தடவினால் கூர்மை தெரிய வேண்டும். அச்சில் அழுத்திய கண்ணாடியில் முனைகள் உருண்டு, உருகிய வெல்லம்போல வழவழவென்றிருக்கும். கையால் வெட்டியதையும் திராவகத்தில் முக்கி மெருகேற்றினால் கூர்மை சற்று மழுங்கும். பழையபடி சக்கரத்தில் வைத்துப் பொறுமையாக மெருகேற்றியதில் அது அப்படியே நிற்கும். வெட்டுப்பள்ளத்தின் அடிவரை மெருகு இறங்கியிருந்தால், செய்தவன் எவரும் பார்க்காத இடத்திலும் வேலை செய்தவன் என்று அறியலாம்.

இந்த வெட்டு வேலையையே அடியோடு மறுத்தவர் ரஸ்கின். 1851 முதல் 1853 வரை வெளிவந்த 'வெனிஸின் கற்கள்' என்ற நூலில், வெட்டுக் கண்ணாடி முழுவதுமே காட்டுமிராண்டித்தனம் என்று அவர் தீர்ப்பளித்தார். சூட்டில் குழைவதும், ஆறியபின் ஊடுருவித் தெரிவதும் கண்ணாடியின் இயல்பு. வெட்டு அந்தக் குழைவை மறைத்து, கண்ணாடியை ஸ்படிகக் கல்லோடு குழப்பிவிடுகிறது என்பது அவர் வாதம். பெரியவர் சொன்னது என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, தள்ளிவிடவும் முடியாது. பொருளின் இயல்பை அறிந்து செய்த வேலையே நல்ல வேலை என்ற அவருடைய அளவுகோல் சரியானது. அதை வைத்து அவர் அளந்ததுதான் தவறு என்பது என் கட்சி. வெனிஸ் கண்ணாடி மெலிதாக ஊதி, சூட்டிலேயே வளைத்து இழுத்துச் செய்யப்படுவது. அதில் ஆழமாகச் சாணை பிடித்தால் ஓட்டைதான் விழும். காரீயக் கண்ணாடியின் இயல்பு வேறு. அது ஆறிய பிறகும் சாணைக்கு இணங்கும் மெதுவான பொருள். ஒளியை அதிகமாக வளைத்து, வர்ணங்களாகப் பிரித்துக் காட்டும். அந்தக் குணம் வெளிப்பட வேண்டுமானால் சரிவான முகங்கள் வேண்டும். அவற்றைத் தருவது வெட்டு. ஆக வெட்டு இங்கே பொருளுக்கு இழைத்த துரோகம் அல்ல. பொருள் வாய் திறந்து பேசும் வழி.

ரஸ்கினின் குற்றச்சாட்டு வேறொன்றுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும்: வெட்டு வேலையை அச்சில் காப்பியடித்த கண்ணாடிக்கு. ஒளியைப் பிரிக்கத் திராணியில்லாத பொருளின்மேல் ஒளியைப் பிரிக்கும் கோலத்தை வரைவது வேஷம். ஆனால் அச்சுக் கண்ணாடி தன் வேலையைத் தானே செய்து, நேரான பட்டைகளோடு தடித்த டம்ளராக நிற்கும்போது அதை நான் மதிக்கிறேன். ஆயிரம் வீடுகளில் உழைக்கிறது, யாரையும் ஏமாற்றுவதில்லை.

மறுபக்கமும் உண்டு. பர்மிங்ஹாமில் இருந்த ஆஸ்லர் கம்பெனியிடம் உதயப்பூர் மகாராணா சஜ்ஜன் சிங் 1877-இல் கிரிஸ்டல் சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்தார். கட்டில், நாற்காலி, மேசை எல்லாம் கண்ணாடி. அவற்றை அனுபவிக்காமலே 1884-இல் அவர் காலமானார். இன்று அரண்மனையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். காரீயமும் அசல், வெட்டும் அபாரம். ஆனால் சாய்ந்துகொள்ள மனம் வராத நாற்காலியை நாற்காலி என்று எப்படிச் சொல்வது? அதே கைகள் செய்த சரவிளக்கின் முன் நான் வாயடைத்து நிற்பேன். ஒளிக்குப் பிறந்த பொருள் அங்கே ஒளியின் வேலையைச் செய்கிறது. கட்டிலாக மாறும்போது அது வெறும் செலவு.

கடைசியாக ஒன்று. 1991-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் போர்ட் ஒயினைக் கிரிஸ்டல் டிகாண்டரில் நாலு மாதம் வைத்துச் சோதித்தார்கள். லிட்டருக்கு 89 மைக்ரோகிராமாக இருந்த காரீயம் 2,000 முதல் 5,000 வரை ஏறிவிட்டது. காரீயம் விஷம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அசலுக்குச் சாட்சி சொல்லும் அதே கனம், குடிப்பவனுக்குச் சத்துரு. அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், பூ வைக்கலாம், புளிப்பான பானத்தை ஊற்றி நாள்கணக்கில் வைக்கக் கூடாது.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் வெகுநேரம் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இது?" என்றார்.

"கிரிஸ்டல் இல்லை. ஆனால் வடிவம் லட்சணமாக இருக்கிறது. விஷமும் இல்லை. தாராளமாகச் சர்பத் ஊற்றிக் குடிக்கலாம்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் டிகாண்டரைப் பற்றிய துக்கமும் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. நாங்கள் இருவரும் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டோம். விற்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கதை மறுபதிப்பு வந்தபோது ஒரே ஓர் இடத்தைத் திருத்தினேன். பெரியவர் இப்போதும் பாத்திரத்தைச் சுண்டிப் பார்க்கிறார். நாதம் வரவில்லை. முகம் சுளிக்காமல் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறார். "இன்னும் தெரியவில்லை. இரண்டு நாள் வைத்துவிட்டுப் போங்கள்" என்கிறார்.