தடை செய்யப்பட்டது எது? – ‘மௌன வசந்தம்’: நொய்யற்கரையில் ஒரு மறுவாசிப்பு

நூலொன்று வெளிவந்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அதன் ஆசிரியர்மீது கொலைப்பழி சுமத்தப்படுமானால், பழியை நம்புமுன் நூலைப் புரட்டிப் பார்ப்பதே முறையாகும். அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேச்சல் கார்சன் அம்மையார் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ அத்தகைய நூல். டி.டி.டி. முதலிய பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் நீரிலும் அழியாது தங்கி, புழுவிலிருந்து பறவைக்கும் சிற்றுயிரிலிருந்து மீனுக்கும் ஏறிச் செல்வதை அது விளக்கிற்று. 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. அத்தடையால் ஏழை நாடுகளில் மலேரியா பெருகிப் பல இலட்சம் உயிர்கள் மாண்டன என்பதே எதிர்ப்பாளர் வாதம்.

இவ்வாதத்தை உரைத்துப் பார்ப்போம். அந்த ஆணை தடுத்தது பெரும்பாலும் பயிருக்குத் தெளிப்பதையே. நோய்த் தடுப்புக்கும் ஏற்றுமதிக்கும் அது இடம் விட்டிருந்தது. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க விலக்களித்தது. நம் நாட்டில் வேளாண்மைக்கான தடையே 1989இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1960களில் ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்திருந்த மலேரியா நோயாளர் தொகை 1976இல் 64 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மருந்துக்குப் பழகிய கொசுக்களும், தளர்ந்துபோன ஒழிப்புப் பணியும் அதற்கான காரணங்களுள் அடங்கும். அளவின்றித் தெளித்தால் பூச்சி மருந்தை வென்றுவிடும் என்று அம்மையார் முன்பே எச்சரித்திருந்தார்.

நூலில் குறையே இல்லையென நாம் வாதிடவில்லை. டி.டி.டி. காப்பாற்றிய உயிர்களைப் பற்றி அது போதிய அளவு பேசவில்லை. கற்பனை ஊரொன்றின் அழிவைச் சொல்லித் தொடங்கியதும், “எல்லாம் கட்டுக்கதை” என்று எள்ளுவோர்க்கு வாய்ப்பளித்தது. ஆனால் திருப்பூரில் இருந்து இந்நூலைப் படிப்போர்க்குக் கற்பனை ஊர் தேவையில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், பனியன் நகரின் சாயக்கழிவைச் சுமந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு ஏராளமாய்ச் சேர்க்கப்படுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் நீங்கினாலும் கரைந்த உப்பு நீங்குவதில்லை. பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவே தேங்கிற்று. நிலமும் கிணறும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றப் படியேறினர்.

ஈண்டும் அதே பழைய கூக்குரல் எழுந்தது: “சாயத்தொழிலைத் தடை செய்துவிட்டார்கள்!” சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கேட்டது, சாயக்கழிவு சொட்டும் வெளியேறலாகாது என்பதே. 2009இல் உச்ச நீதிமன்றமும் உழவர் பக்கமே நின்றது. நிபந்தனை நிறைவேறாமையால்தான் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணை பிறந்தது. நிபந்தனையை நிறைவேற்றியவை பின்னர் திறந்தன. இடைப்பட்ட மாதங்களில் வேலையிழந்த தொழிலாளரின் துயரம் மெய்யானது. பனியன் தொழிலால் உலையேற்றும் நம் குடும்பங்கள் அதை அறியும். ஆயினும் அத்துயரத்தை விளைத்தது சட்டமா, சட்டத்தை ஆண்டுக்கணக்கில் அலட்சியம் செய்தமையா? இக்கேள்வியை எழுப்பாத விமர்சனம் நேர்மையான விமர்சனமாகாது.

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்யும்போதும் நீரை விரயமாக்கலாகாது என்ற போதனையில் வளர்ந்தவர்கள் நாம். விரயமே கூடாதெனில், பிறர் குடிக்கும் நீரை நஞ்சாக்குவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே, “தடை” என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், தடுக்கப்பட்டது தொழிலா, தீங்கா என்று ஆணையையே கேட்டறிவோம். ‘மௌன வசந்தம்’ பற்றிய நீண்ட சர்ச்சை நமக்கு விட்டுச்செல்லும் பாடம் இதுவே.