‘பம்பாய்’ படமும் ஒரு மாணவியின் கேள்வியும்



கருத்து விளக்கக் கட்டுரைக்குத் தலைப்பு தேடும்போது, படிவம் 5 மாணவர்களோடு மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) பற்றிப் பேச நேர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இவங்க ரெண்டு பேரும் நம்ம ஊர்ல இருந்தா கல்யாணம் பண்ணியிருக்க முடியுமா?” மணி அடித்தது. நானும் தப்பித்தேன். ஆனால், கேள்வி என்னை விடவில்லை. அதை மனத்தில் வைத்துப் படத்தை மறுபடி பார்த்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். சேகர், நாராயண பிள்ளையின் மகன். ஷைலா பானு, செங்கல் சூளை நடத்தும் பஷீரின் மகள். இரு வீடும் மறுக்கவே, பம்பாய்க்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். கபீர் நாராயண், கமல் பஷீர் என இரட்டைப் பிள்ளைகள். 1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு நகரம் பற்றி எரிகிறது. கலவரத்தில் பிள்ளைகள் தொலைந்துபோகும் பகுதி இன்றும் வயிற்றைப் பிசைகிறது. படத்தின் பலமே அதுதான்.

பலவீனம் முற்பாதியில் இருக்கிறது. பஷீர் முன்னால் சேகர் தன் கையைக் கீறி, ஷைலாவின் கையையும் கீறி, இரத்தத்தைக் கலக்கிறான். முதல் முறை பார்த்தபோது கைதட்டிய காட்சி. இப்போது, “அவளை ஒரு வார்த்தை கேட்டானா?” என்றுதான் தோன்றுகிறது. வீட்டை விட்டு வந்தால் அதிகம் இழப்பவள் அவள். அவள் பேசுவதைவிட அவளுக்காக அவன் பேசுவதே அதிகம். இரு அப்பாக்களும் கத்துகிறார்கள். ஏன் மறுக்கிறார்கள் என்று படம் நின்று கேட்பதில்லை. அம்மாக்களோ ஓரமாகவே நிற்கிறார்கள்.

நம் பேராக்கிலேயே, ஈப்போவில் எடுக்கப்பட்ட யாஸ்மின் அகமட்டின் ‘டேலன்டைம்’ (2009) இதை வேறு விதமாகச் செய்கிறது. தமிழ்ப் பையன் மகேஷுக்குக் காது கேட்காது, பேச வராது. அவன் நேசிப்பது மெலூர் என்ற முஸ்லிம் பெண்ணை. அவனுடைய மாமாவோ தம் திருமண நாளிலேயே, பக்கத்து முஸ்லிம் வீட்டுத் துக்கத்தையொட்டி எழுந்த தகராறில் கொல்லப்பட்டவர். ஆகவே, அவன் அம்மாவின் கோபம் வெறும் மதவெறி அல்ல; ஆறாத துக்கம். அவர் செய்வது சரி என்று படம் சொல்லவில்லை, அவர் வலியைக் கேலி செய்யவும் இல்லை. தமிழ் வீட்டுப் பையனின் காதலுக்கு இந்திப் பாட்டு ஒலிப்பது மட்டும் எனக்கு உறுத்தல்தான். ஆனாலும், மறுக்கிறவரையும் மனிதராகக் காட்டிய வகையில் இந்தப் படம் ‘பம்பாயை’ மிஞ்சுகிறது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. யாரும் மதம் மாறாமலேயே பதிந்துகொள்ளலாம். நம் நாட்டின் 1976 திருமண, மணவிலக்குச் சட்டமோ முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. சேகர் இந்துவாகவே இருந்து ஷைலாவை இங்கே மணக்க வழியில்லை. அடுத்த வாரம் இதை மறைக்காமல் சொன்னேன். “அப்ப இங்க அந்தக் கதை பாதியிலேயே நின்னுடும், இல்ல டீச்சர்?” என்றாள். ஆமாம் என்றேன்.

இந்த மாதிரிப் படங்களை வகுப்புக்குக் கொண்டுபோக நமக்குப் பயம்தான். பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்று நானும் யோசித்தேன். ஆனால், நாம் பேசாவிட்டால் கைப்பேசி பேசும், அதுவும் பாதிப் பாதியாக. காதல் சரியா தவறா என்று தீர்ப்பு எழுதச் சொல்ல வேண்டாம். மகேஷின் அம்மா மகனுக்கு எழுதும் கடிதம், ஷைலா தன் அப்பாவுக்கு எழுதும் கடிதம் என இரண்டையும் ஒரே மாணவர் எழுதட்டும். ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் எழுதியவருக்கு முழு மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.