முதல் மிதி கடலூரில், கடைசி மிதி இருங்காட்டுக்கோட்டையில்

2025 ஜனவரியில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் நடிகர் அஜித் குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவர் தரப்பு பிறகு சொன்னது. சில நாட்களில் அவருடைய அணி 992 பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. கொண்டாட்டத்தில் அந்த பிரேக் செய்தி அமுங்கிப்போனது. எனக்கு மட்டும் அது மனதில் தங்கிவிட்டது. பந்தயத்துக்கென்றே கட்டிய கார், கூடவே தேர்ந்த மெக்கானிக்குகள். அங்கேயே பிரேக் கைவிடும் என்றால், வார நாளில் ஆபீசுக்குப் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் ஏறும் நம் ஊர் ஹேட்ச்பேக் காரின் கதி என்ன?

அப்படிப் போகிறவர்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளப் பந்தயத்தைப் பார்க்கப் போனார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் வந்தது. இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். பிறகு கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் பறந்ததைப் பார்த்த பிறகு, சொந்தக் காரை ஒருமுறையாவது ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசை. சாலையில் காட்டும் வேகத்தை அங்கே போய்க் காட்டட்டும். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது, 'எந்த பிரேக் பேடு போடலாம்?' என்றுதான். யாராவது ஒரு பந்தய பேடின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்டவரும் அதையே வாங்கிப் போட்டுவிடுகிறார்.

நான் இதற்கு நேர் எதிர்க்கட்சி. கடலூர்க்காரர் எந்த பேடு போடவேண்டும் என்பதை இருங்காட்டுக்கோட்டை தீர்மானிக்கக் கூடாது. கடலூர்–சிதம்பரம் சாலைதான் தீர்மானிக்க வேண்டும்.

அந்த 45 கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகும் சாலை இப்போது நால்வழி. வேகம் தானாகக் கூடிவிடுகிறது. ஆனால் சாலையைப் பயன்படுத்துகிறவர்கள் மாறவில்லை. இடைவெளி கிடைக்கும் இடத்தில் டூவீலர் திரும்பும், எதிர்த்திசையிலும் வரும். ஆடு குறுக்கே ஓடும். சம்பா அறுவடை முடிந்தால் சாலையோரம் நெல் காயும். நெல்லுக்கு ஒதுங்கும் வண்டி நம் தடத்துக்குள் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் விடாத மழை. இங்கே பிரேக் மிதிக்கும் தருணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பத்து நிமிடம் பிரேக்கே தொடாமல் வந்திருப்போம், டிஸ்க் ஆறிப்போயிருக்கும், மழையில் நனைந்தும் இருக்கும். அந்த ஆறிய, நனைந்த டிஸ்க்கை முதல் மிதியிலேயே பேடு கவ்வவேண்டும்.

ஓடுதளத்தில் நிலைமை வேறு. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். எங்கே மிதிக்கப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். முதல் சுற்றில் பேடு மெதுவாகப் பிடித்தாலும் சமாளிக்கலாம். ஐந்தாவது, ஆறாவது சுற்றின் கடைசி வளைவிலும் அதே பிடி இருக்கவேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நின்றால் பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 2.7 லட்சம் ஜூல். அதே கார் ஓடுதளத்தில் 150லிருந்து 70க்கு இறங்கினால் ஏறக்குறைய 7.5 லட்சம் ஜூல். கார் நிற்கக்கூட இல்லை, வேகம்தான் குறைந்தது. ஆனாலும் இரண்டரை மடங்குக்கு மேல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததுதான் இது. இதில் எழுபது சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் ஐந்து கிலோ இரும்பு என்றும் வைத்துக்கொண்டால், சாலையில் ஒரு பிடிக்கு டிஸ்க்கின் சூடு 40 டிகிரி ஏறும். ஓடுதளத்தில் ஒரே பிடிக்கு 110 டிகிரிக்கு மேல். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சூடு சூட்டின் மேல் ஏறிக்கொண்டே போகும்.

பேடு ரகங்கள் பிரிவது இந்தச் சூட்டை வைத்துத்தான். கம்பெனிக் காரில் வரும் பேடு பெரும்பாலும் நார், பிசின், ரப்பர்த்தூள் கலந்த ஆர்கானிக் வகை. சத்தமில்லை, தூசி குறைவு, டிஸ்க்கைத் தின்னாது, ஆறியிருக்கும்போதே பிடிக்கும். சூடு 350 டிகிரியைத் தாண்டும்போது பிசின் எரிந்து வாயு கிளம்பும், பிடி நழுவும். இரும்புத்தூள் அதிகம் கலந்த செமி மெட்டாலிக் வகை இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். பதிலுக்குத் தூசியும் கீச்சுச் சத்தமும் தரும். முழுப் பந்தய பேடு 600 டிகிரியிலும் பிடிக்கும். ஆனால் ஆறியிருக்கும்போது அதன் பிடி மந்தம். அதை மாட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி, முதல் சிக்னலில் மிதித்தால் கார் வழக்கத்தைவிடத் தள்ளிப் போய்த்தான் நிற்கும். அந்தத் தள்ளல்தான் முன்னால் நிற்கும் சைக்கிள்காரரின் உயிர்.

ஐரோப்பாவில் ஆர் 90 என்று ஒரு விதி இருக்கிறது. சாலைக் காருக்கு மாற்றாகப் போடும் பேடின் செயல்பாடு கம்பெனி பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. முழுப் பந்தய பேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சான்று கிடையாது. சாலையில் ஓட்டக்கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். நம் கடைகளில் அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் பார்க்கவேண்டும். உராய்வு எண்ணைக் குறிப்பவை அவை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது அதிகச் சூட்டுக்கு. 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப் எஃப்' என்றிருந்தால் சூடேறினாலும் பிடி பெரிதாக மாறாது என்று பொருள். ஆனால் இந்த எழுத்துகளை முடிவுசெய்யும் சோதனையின் உச்சச் சூடே சுமார் 340 டிகிரிதான். அதற்கு மேல் என்ன ஆகும் என்பதை எழுத்து சொல்லாது. 'ஜி ஜி' என்று பார்த்த மாத்திரத்தில் அதை ஓடுதள பேடு என்று நம்பிவிடக் கூடாது.

பேடைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ஓடுதளத்தில் சாலைக் கார்களின் பிரேக் கைவிடும்போது பல நேரம் குற்றவாளி பேடு அல்ல, பிரேக் ஆயில். இதைக் காலாலேயே கண்டுபிடிக்கலாம். பெடல் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேடு சூட்டில் நழுவுகிறது. பெடலே பொசுக்கென்று தரைவரை இறங்கினால், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலை அழுத்தினால் அழுத்தம் போய்ச் சேரும். கொதித்த ஆயிலிலுள்ள குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். முதலாவதில் ஓரளவு எச்சரிக்கை கிடைக்கும். இரண்டாவது சொல்லாமல் வரும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205ம் 140ம். வருடம் முழுக்கக் கடல்காற்று வீசும் ஊரில் இரண்டு மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு ஓடுதளம் ஏறுகிறவர், எவ்வளவு விலை உயர்ந்த பேடு போட்டிருந்தாலும் பாதுகாப்பில்லாமல்தான் ஏறுகிறார்.

கடல்காற்றின் இன்னொரு வேலையைக் கடலூர் முதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன். தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் ஓடுதளத்துக்குப் போவதற்காகப் புது பேடு செட்டோடு வந்திருந்தார். மெக்கானிக் வலது முன்வீலைக் கழற்றி, காலிப்பரைப் புரட்டி, பழைய பேடு இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தார். உள்பக்கத்து பேடு தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்து பேடில் பாதிக்கு மேல் மிச்சம்.

"பேடு மேல தப்பில்லண்ணே. ஸ்லைடு பின் உப்புல பிடிச்சுக்கிச்சு. காலிப்பர் நகரவே இல்ல, ஒரு பக்கமாவே தேச்சிருக்கு. இதுக்கு மேல நீங்க தங்கத்துல பேடு போட்டாலும் இப்படித்தான் தேயும்."

பின்னை உருவியபோது மேலெல்லாம் செம்பழுப்புத் துரு, கிரீஸ் காய்ந்து பொருக்காகியிருந்தது. ரப்பர் உறை கிழிந்த இடத்தின் வழியாக உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் தடவி, உறையை மாற்றி மாட்டியதும் காலிப்பர் ஒரு விரல் தள்ளலில் நகர்ந்தது. செலவு, அவர் வாங்கிவந்த பேடு விலையில் சிறு பகுதிகூட இல்லை. ஓடுதளத்துக்குத் தயாராவது என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது.

சரி, எதைப் போடலாம்? வருடத்துக்கு ஓரிரு முறை ஓடுதளம், மற்ற நாளெல்லாம் சாலை என்றால், கம்பெனி பேடுக்கு ஒரு படி மேலான, 'ஃபாஸ்ட் ரோடு' எனப்படும் பேடு போதும். ஆறியிருக்கும்போதே பிடிப்பது, 450–500 டிகிரி வரை தாங்குவதாகத் தயாரிப்பாளரே எழுத்தில் தருவது, சாலைக்குச் சான்று பெற்றது என்று பார்த்து வாங்கலாம். கூடவே புது டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயில். டாட் 5 சிலிகான் வகை; பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று அதை இவற்றோடு கலந்துவிடக் கூடாது. கம்பெனித் தரத்திலேயே பேடு வேண்டும் என்பவர்கள் தூரம் தேடவேண்டாம். சென்னையின் பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே ஆகியவை அறுபதுகள், எழுபதுகளிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கின்றன. பயப்படவேண்டியது போலிப் பெட்டிக்கு.

நம் ஊர்ச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பின்னால் டிரம் பிரேக்தான். முன்னால் மட்டும் மிகக் கடுமையாகப் பிடிக்கும் பேடைப் போட்டால் முன்சக்கரம் சீக்கிரமே வழுக்கும் நிலைக்கு வந்து ஏபிஎஸ் குறுக்கிடும். பின்சக்கரம் தன் பங்கைச் செய்யும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். பிடி அதிகமான பேடு போட்டும் கார் நிற்கும் தூரம் குறையவில்லையே என்று சிலர் குழம்புவது இதனால்தான். டிரம் ஷூவையும் டயரையும் பார்க்காமல் முன் பேடை மட்டும் உயர்த்துவது அரைவேலை.

மாதாமாதம் ஓடுதளம் போகிறவருக்கு என் பதில் வேறு: இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். சாலை பேடிலேயே இருங்காட்டுக்கோட்டை வரை ஓட்டிப்போய், அங்கே மாற்றி, திரும்பும் முன் மறுபடி மாற்றுங்கள். பழகிய கைக்கு அரைமணி, முக்கால்மணி வேலை. இரண்டு பேடுகளின் பூச்சும் ஒரே டிஸ்க்கில் ஒட்டிக் கலந்தால் பெடல் உதறும் என்பதால், முடிந்தால் டிஸ்க்கும் இரண்டு ஜோடி.

புது பேடைப் போட்டதும் நேரே ஓடுதளத்தில் ஏறக்கூடாது. பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 60லிருந்து 10 வரை பத்துத் தடவை சீராக இறக்கவேண்டும், முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடவேண்டும். ஓடுதளத்திலும் கடைசிச் சுற்றை மெதுவாகவே ஓட்டி உள்ளே வரவேண்டும். வந்து நின்றதும் பெடலை மிதித்தபடியே இருக்கக்கூடாது, ஹேண்ட்பிரேக்கும் போடக்கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும்.

ஓடுதள நாட்களை நடத்துகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பார்ப்பதோடு நிற்கவேண்டாம். ஆயிலில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று காட்டும் பேனா போன்ற கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு காரின் பானெட்டையும் திறந்து அதை ஆயிலில் ஒருமுறை நனைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. சிவப்பு விளக்கு எரியும் காரை அன்று உள்ளே விடவேண்டாம். பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பதையும் அதே வரிசையில் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.