'அந்த நாள்': விசாரிப்பவர் யாருடைய ஆள்?

ஓசூரில் ஒரு தொழிற்சங்க அறை. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி 'அந்த நாள்' (1954) திரையிட்டோம். ஷிப்டு முடிந்து வந்தவர்கள், எழுதுகிறவர்கள் சிலர், பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்த இரண்டு நண்பர்கள். படம் முடிந்ததும் வழக்கமான பேச்சுதான்: பாட்டில்லாத தமிழ்ப்படம், சிவாஜி எதிர்நாயகனாக, பின்னாளில் வீணை மேதையான எஸ். பாலசந்தர் அப்போதே இப்படி ஒரு படம், குரோசாவாவின் 'ரஷோமான்' இத்யாதி. மூலையில் உட்கார்ந்திருந்த லேத் தொழிலாளி ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தோழர். 1943-ல அந்த சி.ஐ.டி. யாரோட போலீசு?"

உடனே பதில் சொல்ல யாருக்கும் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி வாசிக்கலாம் என்று தோன்றியது.

1

1943 அக்டோபர் 11 இரவு ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போடுகிறது. ரேடியோ எஞ்சினியர் ராஜன் தன் வீட்டிலேயே, தன்னுடைய துப்பாக்கியால் சுடப்பட்டுச் சாகிறான். பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு உறவிலிருந்த அம்புஜம், மனைவி உஷா (பண்டரிபாய்) என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கதையிலும் வேறு ராஜன். சி.ஐ.டி. சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார். திரைக்கதையும் அவருடையதே. முடிவில் ராஜன் ஜப்பானுக்கு ரகசியம் விற்ற உளவாளி என்றும், வெடித்தது உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி என்றும் தெரிகிறது.

'ரஷோமான்' ஒப்பீடு எனக்கு இங்கேதான் இடிக்கிறது. அங்கே கதையாடல்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டு உண்மையைத் திறந்தே விடுகின்றன. இங்கே பல குரல்களும் கடைசியில் போலீஸ் டைரிக்குள் ஒரே வாக்குமூலமாக அடங்கிவிடுகின்றன. கொலைக்கு எத்தனையோ வாசிப்புகளை அனுமதிக்கிற பிரதி, துரோகத்துக்கு ஒரே ஒரு வாசிப்பைத்தான் அனுமதிக்கிறது. ராஜன் தேசத்தைக் காட்டிக்கொடுத்தான், அவ்வளவுதான். எந்த தேசத்தை? அதைப் படத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

2

படம் சொல்லும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு, 1943 செப்டம்பர் 10 அன்று, சென்னைச் சிறையில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். பினாங்கில் பயிற்சி பெற்று ஜப்பானிய உதவியோடு ரகசியமாக இந்தியாவுக்குள் வந்தவர்கள். காதரும் சிலரும் 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபாரின் தானூர்க் கரையில் இறங்கினார்கள். சட்டத்தின் கண்ணில் இவர்கள் எதிரியின் கையாட்கள். 1947-க்குப் பிறகு தியாகிகள்.

நாசவேலையும் அப்படித்தான். 1942 ஆகஸ்டில் சிங்காநல்லூர் பக்கம் ராணுவத் தளவாட ரயிலைக் கவிழ்த்தார்கள், சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைத்தார்கள். அதே வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்காமல் காங்கிரஸை விட்டு விலகியவர் நம்ம ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவர் முதலமைச்சர் நாற்காலியிலிருந்து இறங்கி காமராசர் ஏறிய 1954 ஏப்ரல் 13 அன்றுதான் 'அந்த நாள்' வெளியானது. தற்செயல்தான். ஆனாலும் 1942-ல் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அன்றைக்கு அரங்குக்குள் போனவர்களுக்கு மறந்திருக்காது. படம் மட்டும் மறந்துவிடுகிறது.

இதைத் தலைகீழாக்கி, ஜப்பான் பக்கம் நின்றவர்களே தேசபக்தர்கள் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. அந்த ஜப்பான்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகளைக் கொண்டுபோய் சயாம் மரண ரயில்பாதையில் பல்லாயிரக்கணக்கில் சாகவிட்டது. இடதுசாரிகளும் அன்று 'மக்கள் யுத்தம்' என்று சொல்லி உற்பத்தி நிற்கக்கூடாது என்ற பக்கத்தில் நின்றார்கள். சங்க அறையில் உட்கார்ந்து இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. உளவு, துரோகம், நாசவேலை எல்லாம் யார் சொல்கிறார், எங்கிருந்து சொல்கிறார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறிய காலம் அது. ஒரு துப்பறியும் படத்துக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. பாலசந்தர் அதன் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

3

படம் தன்னையறியாமல் வாய் திறக்கிற இடம் ராஜனின் மனக்கசப்பு. மலிவான விலையில் ரேடியோ செய்ய வழி கண்டுபிடிக்கிறான், ஆதரிப்பாரில்லை. மறுத்த அமைப்பு காலனிய அமைப்பு. 1954-ன் பார்வையாளரோ அதை நம்ம சர்க்காராக எடுத்துக்கொண்டு, புறக்கணித்தாலும் காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்கும்படி படம் செய்துவிடுகிறது. இரண்டு அரசுகளையும் தையல் தெரியாமல் ஒட்டுகிற வேலை சிவானந்தத்தினுடையது. நிஜத்திலும் அந்தத் தையல் தெரியவில்லை. அதே போலீஸ், அதே சி.ஐ.டி., 1923-ன் அரசு ரகசியச் சட்டம் இன்றுவரை.

உஷாவைத் தேசத்தின் மனசாட்சியாக நிறுத்துகிறார்கள். கணவனா தேசமா என்ற இரண்டில் ஒன்றை எடுக்கிற உரிமை மட்டும் அவளுக்கு. அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாமில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். அவர்கள் குறிவைத்தது உஷா காப்பாற்றிய அரசைத்தான்.

4

அறையைப் பூட்டும்போது அந்தத் தோழர் தான் ஏன் கேட்டேன் என்று சொன்னார். வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ஜிக் உடைந்திருக்கிறது. "எனக்குக் குடுத்த மெமோவுல 'நாசவேலை'ன்னு போட்டிருந்தாங்க தோழர். உள்விசாரணையில சூப்பர்வைசர் ஒரு கதை சொன்னான், பக்கத்து மெஷின்காரன் ஒரு கதை சொன்னான், நானும் சொன்னேன். விசாரணை அதிகாரி ரொம்பப் பொறுமையாக் கேட்டு எழுதிக்கிட்டாரு, இந்தப் படத்துல மாதிரியே. அவருக்கு ஃபீஸ் குடுத்தது மேனேஜ்மெண்ட்டுன்னு எனக்கு அப்பறந்தான் தெரியும்."

வேலை போய்விட்டது. இப்போது சின்னப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறார்.

'அந்த நாள்' நல்ல படம்தான். இன்னும் பலமுறை திரையிடுவோம். ஆனால் யார் கொன்றது என்று தேடுகிற சுவாரசியத்தில், கேள்வி கேட்பவரை யார் அனுப்பினார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். ராஜன் செத்த வீட்டில் ஐந்து பேரும் அதைக் கேட்கவில்லை. திரையிட்ட நாங்களும் கேட்கவில்லை. அதைக் கேட்க மெமோ வாங்கிய ஒருவர் வேண்டியிருந்தது.