கொலையாளி யார் என்பது மட்டுமா?

சொரன் ஸ்வைஸ்ற்றுப் எழுதி, 2007இல் டென்மார்க் தொலைக்காட்சியில் வந்த 'ஃபொர்ப்ரூடெல்சென்' (குற்றம்) தொடரின் 20 அங்கங்களும் 20 நாட்களின் கதை. நானா என்ற மாணவியைக் கொன்றது யார்? விடை தெரிந்த பின்னரும் பார்த்தவர்களின் தர்க்கம் ஓயவில்லை. கறுப்பு இதயம் தொங்கும் அந்தச் சங்கிலியின் மர்மம் என்ன, பழைய கொலையும் வாக்ன் செய்ததுதானா என்று நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியிலும் கதைப்பார்கள்.

ஆசிரியர் றாமாவைப் பற்றி மட்டும் பேச்சில்லை. வெளிநாட்டுப் பின்னணி கொண்ட அவர் எதையோ மறைக்கிறார் என்றதும் பொலிசாரோடு சேர்ந்து நாமும் சந்தேகிக்கிறோம். கட்டாயக் கலியாணத்திலிருந்து ஒரு பெண் தப்ப உதவியதையே அவர் மறைத்தார். மௌனத்தைப் பொய்யென்று பதியும் விசாரணை மேசைகளின் முன் இருந்தெழும்பிய நமக்கு இது புதிதல்ல.

கொலையாளியோ நானாவின் வீட்டில் உண்டு பழகிய வாக்ன். வெளிநாட்டுப் பின்னணி கொண்ட அமீரோடு அவள் போகப் புறப்பட்டதே அவனைக் கொலைக்குத் தள்ளியது. நமது சந்தேகத்தை நம்மீதே திருப்பிய இந்த முடிவு தொடரின் பலம். குற்றமற்றவர் என்றானதும் றாமாவை விட்டுவிட்டு அடுத்த சந்தேகநபரிடம் ஓடுவது அதன் பலவீனம். அவர் மறுபடி எந்த முகத்தோடு வகுப்பறைக்குள் நுழைவார்? தர்க்கிக்க வேண்டிய முடிச்சு அதுதான்.