பொறியில் ஆண், காயில் புழு

வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவோம். ஆனால் கண்ணுக்குப் படும் பெரிய துளை, புழு வெளியேறிய வழி. அது உள்ளே போன துளை தெரியவே தெரியாது. நல்ல காய் என்று கொண்டுவந்து அறுத்தால், உள்ளே கறுத்த சுரங்கமும் எச்சமும் இளஞ்சிவப்புப் புழுவும்.

உள்ளே ஒளிந்த புழுவுக்கு மருந்து எட்டாது. எட்டாததால்தான் தோட்டக்காரர் அடிக்கடி அடிக்கிறார். இந்தச் சுழலுக்கு மாற்றுவழி தேடியவர்களில் களனிப் பல்கலைக்கழகத்தின் என். ஈ. குணவர்தனவும் ஒருவர். இந்தப் புழுவான கத்தரித் தண்டு, காய் துளைப்பானின் பெண் அந்து ஆணை அழைக்கச் சுரக்கும் பெரமோனின் முதன்மைக் கூறு பதினாறு காபன் கொண்ட ஓர் அசற்றேற்று என்று அவரும் அத்துல அத்திகலையும் சேர்ந்த குழு 1988இல் எழுதியது. சீனாவிலும் முந்திய ஆண்டு அதுவே கிடைத்திருந்தது. அதைக் குப்பியில் அடைத்துப் பொறியில் வைத்தால் நஞ்செச்சம் இல்லை, தேனீக்குக் கேடில்லை, குறித்த இனத்தின் ஆண்தான் வரும். இதைவிடத் துல்லியமான பீடைக் கட்டுப்பாட்டை நான் அறியேன்.

துல்லியத்துக்கு உள்ளேயே பலவீனமும் இருக்கிறது. பெண் அந்தின் சுரப்பியில் கொழுப்பமிலமொன்றை ஒரு நொதியம் இரட்டைப் பிணைப்பு இட்டுத் திருத்துகிறது. இன்னொன்று அதை அல்ககோல் ஆக்குகிறது. அடுத்தது அசற்றேற்று ஆக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பரம்பரையலகு உண்டு. ஐரோப்பியச் சோளத் துளைப்பானில் இரண்டாம் படியின் ஒரேயொரு பரம்பரையலகு வேறுபட்டாலே கலவை தலைகீழாகிறது என்று சுவீடனின் லுண்ட் ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். கத்தரி அந்துக்கும் அசற்றேற்றுடன் நூற்றிலொரு பங்கு அல்ககோல் சேர்த்த பொறியில்தான் ஆண்கள் கூடுதலாக விழுந்தன என்று 2001இல் வெளியான இந்தியக் கள ஆய்வு சொல்கிறது.

அந்தின் கலவை இப்படி மாறக்கூடும்; நமக்கு விற்கும் குப்பியோ மாறாத கலவை. ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களில் 1983 முதல் ஒரே கூறைப் பரப்பி இனச்சேர்க்கையைக் குழப்பினார்கள். தொண்ணூறுகளில் சுருள்புழு அந்து அதற்கு மசியவில்லை. பல கூறு கலந்து கொடுத்த பிறகே மறுபடி அடங்கியது.

அதைவிடப் பெரிய குறை, பொறி ஆணை மட்டும் பிடிப்பது. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பக்கத்துத் தோட்டத்தில் சேர்ந்துவிட்ட பெண் பறந்து வந்து முட்டையிட்டால், நம் பொறி நிறைந்திருந்தும் பயனில்லை. ஆகவே ஒருவர் தன் கால் ஏக்கரில் மட்டும் பொறி கட்டுவது வீண்செலவு என்பேன். ஊர்த்தோட்டம் முழுதும் கட்ட வேண்டும். வாடித் தொங்கும் குருத்துகளை நறுக்கி அழிக்க வேண்டும். 2021இல் அரசு இரசாயனப் பீடைநாசினி இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது, இப்படி ஊர்கூடிச் செய்யும் வேலையை அந்த அவசரத்தில் யார் ஒழுங்குபடுத்தியிருக்க முடியும்?

குப்பியின் விலைப் பிரச்சினை தீரக்கூடும். லுண்ட் குழுவே 2022இல் கமெலினா என்ற எண்ணெய்ப் பயிரில் அந்தின் பரம்பரையலகைச் சேர்த்து, பெரமோனுக்கான மூலப்பொருளை விதையிலேயே விளைவித்தது. ஆனால் மலிவான குப்பியும் ஆணைத்தான் அழைக்கும். அதை இங்கே இறக்குபவர்கள், சில வருடங்களுக்கு ஒருமுறையாவது நம்மூர்ப் பெண் அந்தின் சுரப்பியை அளந்து கலவையைச் சரிபார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும்.