வெற்றுக் கட்டமும் பூஜ்யமும்

'எக்செல் தெரியுமா?' வேலை கேட்டுப் போகிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. கடைக் கணக்கோ, பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணோ, தொண்டு நிறுவனத்தின் கள அறிக்கையோ, எதுவானாலும் 'ஷீட்ல போட்டு அனுப்பிடு' என்பதுதான் கட்டளை. நமது சிறுபத்திரிகைச் சூழலில் இது வெறும் குமாஸ்தா வேலை, இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்கிற அலட்சியம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்டவணை ஒரு பிரதி. அதை நிரப்புவதற்கு ஊரெங்கும் பயிற்சி தருகிறார்கள், வாசிப்பதற்குத் தருவதில்லை.

பயிற்சி மையங்களின் கையேடுகள் சிலவற்றை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். எழுத்தைத் தடிமனாக்குவது, கட்டத்துக்கு வண்ணம் பூசுவது, கூட்டுத்தொகை போடுவது, அகரவரிசைப்படுத்துவது, வரைபடம் போடுவது, அச்செடுப்பது. எல்லாம் தேவைதான். ஆனால் காலியான கட்டத்துக்கும் பூஜ்யம் இட்ட கட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி ஒன்றில்கூட இல்லை.

ஓர் உதாரணம். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஆறு நாட்களை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் வேலை, நாளுக்கு 600 ரூபாய். மீதி மூன்று நாள் வேலை இல்லை. அந்த மூன்று கட்டங்களையும் காலியாக விட்டு 'ஆவரேஜ்' கேட்டால் எந்திரம் 600 என்று சொல்லும். அதே கட்டங்களில் 0 இட்டுவிட்டுக் கேட்டால் 300. இரண்டு கணக்குமே சரி. எந்திரம் பொய் சொல்லவில்லை. ஆனால் வேலையற்ற நாள் ஒரு நாளா, இல்லையா என்று முன்பே யாரோ தீர்மானித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு 600 வேண்டும், சங்கத்துக்கு 300 வேண்டும். அறிக்கையில் ஏறுவது ஏதோ ஒரு எண். தீர்மானித்த கை மட்டும் எங்கும் தெரியாது. 'சும்மா விட்டுடுங்க சார், காலியா இருந்தா ஒண்ணும் ஆகாது' என்று சொல்லித்தருகிற பயிற்சியாளருக்குத் தான் ஓர் அரசியல் பேசுவது தெரியாது.

இந்தக் கருவி பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும். ஹார்வர்ட் வணிகப் பள்ளி மாணவராக இருந்த டான் பிரிக்லினின் யோசனையில், பாப் ஃப்ராங்ஸ்டன் நிரல் எழுத, 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது விசிகால்க். எக்செல் 1985இல் வந்தது. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறிக்கொள்ளும் என்பதுதான் இதன் மாயம். 'கூலியில் கொஞ்சம் குறைத்தால் லாபம் என்னாகும்?' என்று ஒரு நொடியில் கேட்டுப் பார்க்கலாம். கேட்கிறவர் நாற்காலி எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூலி வாங்குகிறவரும் இதே கேள்வியைத் திருப்பிப் போட முடியும் என்பதைக் கருவி தடுப்பதில்லை.

சிக்கனத்தின் பெயரால் ஐரோப்பிய அரசுகள் மக்கள் நலச் செலவுகளை வெட்டிய காலத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டது கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை. நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதமாகிவிடும் என்றது அது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய ஷீட்டையே கேட்டு வாங்கித் திறந்து பார்த்தார். 20 நாடுகளில் 15 மட்டுமே சராசரிக்குள் வந்திருந்தன. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் வெளியே நின்றன. எல்லாவற்றையும் திருத்தியபோது வளர்ச்சி 2.2 சதம். நியாயமாகச் சொன்னால், இந்த ஃபார்முலாப் பிழையின் பங்கு சிறியதுதான். சில ஆண்டுகளை விட்டதும், நாடுகளுக்குக் கொடுத்த எடையும்தான் பெரிய காரணங்கள். ஆனால் ஷீட் திறக்கப்படாமல் இருந்திருந்தால் அந்த ஐந்து நாடுகள் வெளியே நின்றது யாருக்கும் தெரிந்திருக்காது.

எண்ணுவதே அதிகாரத்தின் செயல், காலனியக் குடிக்கணக்கு சாதிகளை இறுக்கவில்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். பெரும்பாலான வார்ப்புருக்களில் 'கடைசிப் பெயர்' என்றொரு பத்தி கட்டாயமாக நிற்கிறது. சாதிப் பின்னொட்டை உதறிவிட்டு இனிஷியலோடு வாழும் நம்மிடம் அது எதைக் கேட்கிறது? நிலத்தின் புல எண்ணை 12/3 என்று அடித்துப் பாருங்கள், அது ஒரு தேதியாகிவிடும். '600 ரூபாய்' என்று எழுத்தோடு சேர்த்து அடித்தால் அது எண்ணே இல்லை, இடப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். கூட்டுத்தொகை அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். (இடப்பக்கம் நிற்பவை கணக்கில் சேர்வதில்லை என்பதைத் தோழர்கள் ரசிக்கலாம்.)

அதனால் அட்டவணையை ஒதுக்கிவிடலாமா? 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியபோது அங்கே கணினி இல்லை. மஸ்டர் ரோலை உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். யார் வேலை செய்தது, யார் செய்யவில்லை என்று ஊருக்குத் தெரியும். எழுத்தறியாதவர்களும் ஓர் அட்டவணையை வரி வரியாக வாசித்து உடைத்தார்கள். இப்படியான போராட்டங்களின் நீட்சியில்தான் 2005இன் தகவல் உரிமைச் சட்டம் வந்தது.

எனவே முதல் பாடம் காலித்தாளில் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. முடிந்த ஷீட் ஒன்றைக் கொடுத்து, மொத்தம் நிற்கும் கட்டத்தில் எஃப்2 விசையை அழுத்தச் சொல்ல வேண்டும். எந்த வரியிலிருந்து எந்த வரி வரை கூட்டியிருக்கிறார்கள், எது விடுபட்டது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மறைத்து வைத்த வரிசைகளைத் தேடச் சொல்ல வேண்டும். எண்கள் 7லிருந்து 11க்குத் தாவினால் நடுவில் என்னமோ இருக்கு என்று அர்த்தம். தடிமன், வண்ணமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இன்னொன்றும் உண்டு. அலுவலகங்கள் அச்செடுத்த தாளைத்தான் நீட்டுகின்றன. தாளில் ஃபார்முலா செத்துப்போய்விடுகிறது. கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் 2ஆவது பிரிவு சொல்கிறது. நம் சங்கத்தார் மனுவில் அதைக் குறிப்பிட்டு, 'தாள் வேண்டாம், ஃபைலாகவே கொடுங்க' என்று கேட்கலாம். ஃபார்முலாவை அழித்துவிட்டு எண்களை மட்டும் ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். மொத்தக் கட்டத்தில் எஃப்2 அழுத்தினால் வெறும் எண் மட்டும் கண்ணில் படும். அப்போது அடுத்த மனுவை எழுத வேண்டியதுதான்.